ஒரு பைட்டு

ஏனுங்க, மடியில வெச்சிருக்கறது தோட்டத்து மோட்டாருக்கு மாட்டற ஆட்டோ ஸ்டார்ட்டர் பெட்டிங்களா? கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க பாக்கலாம். அட, எங்க கம்பெனிப் பெட்டிதான்! கோயமுத்தூருக்கு சர்வீசுக்குக் கொண்டுட்டுப் போறீங்களாக்கும். லைட்டே எரியறதில்லையா? அப்ப டிரான்ஸ்பார்மர் போயிருக்கும். சிப்பு போயிருக்காது, அது அவ்வளவு சீக்கிரம் போகாதுங்க. பின்னாடி ஸ்டிக்கர்ல ஒரு நம்பர் இருக்குமே, படிங்க. ரெண்டு புள்ளி மூணா? ம். சரி, பெட்டி மடியிலயே இருக்கட்டும், கீழ வெச்சா பஸ் குலுக்கல்ல அடிவாங்கும்.

என்ற பேரு சென்னியப்பன். கோயமுத்தூர் கணபதியில, இந்தப் பெட்டி செய்யற கம்பெனியில பத்தொம்பது வருசமா இருக்கறேன். வெளிய பாக்கறது வெறும் தகரம். உள்ள ஒரு போர்டு, போர்டுல ஒரு சிப்பு. கரண்ட் வந்தா என்ன பண்ணோணும், போருல தண்ணி இல்லாட்டி எப்ப மோட்டாரை நிறுத்தோணும்னு அந்தச் சிப்புக்கு எழுதிக் குடுக்கறவன் நான்தான். இந்தப் புரோகிராம் வேலைக்குக் கம்பெனியில வேற ஆளே கெடையாது.

சிப்புன்னா பெருசா நினைச்சுக்காதீங்க. புளியங்கொட்டையில பாதி இருக்கும், எட்டுக் காலு. ரெண்டு வோல்ட்டுல இருந்து அஞ்சரை வோல்ட் வரைக்கும் ஓடும். நூத்தி இருவத்தஞ்சு டிகிரி சூடு தாங்கும், நம்ம தாராபுரம் வெயிலெல்லாம் அதுக்கு ஒரு வெயிலே இல்லை. ஆயிரத்து இருவத்திநாலு வரி புரோகிராம் போடலாம். தூங்குன்னா தூங்கும், தூங்கறப்ப மீட்டர் வெச்சுப் பாத்தாக்கூட முள்ளு அசையாது. புரோகிராம் எங்கியாச்சும் மாட்டி நின்னுபோச்சுன்னா, அதைத் தட்டியெழுப்பி மொதல்ல இருந்து ஓடவெக்க வாட்ச்டாக்னு ஒண்ணு உள்ளயே இருக்குது. என்ற பொண்டாட்டி தனபாக்கியம் சொல்லுவா, "பொண்ணு எத்தனாவது படிக்கறான்னு கேட்டா மோட்டுவளையைப் பாப்பீங்க, சிப்புல எத்தனை வரின்னு கேட்டா தூக்கத்துல சொல்லுவீங்க"ன்னு. சொல்லுவேன்தான். இதுல என்ன தப்பு இருக்குதுங்க?

இப்ப குண்டடத்துக்கு அக்கட்டால, என்ற மச்சான் வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். தனபாக்கியத்தோட அண்ணன், தெய்வசிகாமணின்னு பேரு. அடுத்த மாசம் என்ற பொண்ணு மோகனப்ரியாவுக்குக் கல்யாணம். பத்திரிகை வெக்கப் போனேன். எங்க பக்கத்துல தாய்மாமன் சீர் கொண்டாந்து, மாலை போட்டு, கையைப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வரோணும். அது இல்லாட்டி கல்யாணமே இல்லை. மச்சான் பதினாலு மாசமா எங்க வாசப்படி மிதிக்கலை. "எங்கண்ணன் வராட்டி மண்டபத்துக்கு நானும் வரமாட்டேன், நீங்களும் உங்க சிப்பும் போய் நில்லுங்க"ன்னு தனபாக்கியம் ஒரே புடியா நின்னுட்டா. அவ சொன்னா செய்யறவ.

மச்சானுக்கு சோத்துக்கை போச்சுங்க. கம்ப்ரசர் பெல்ட் இழுத்துருச்சு. கட்டைவெரல் மட்டும் மிச்சம்.

எப்படின்னா, அவர் தோட்டத்துல போருக்கு கம்ப்ரசர் போட்டிருக்கறாரு. மோட்டார் ரூமுக்குள்ள பெட்டி, வெளிய ஓட்டுக்கொட்டாயில கம்ப்ரசர். பெட்டியை நான்தான் எடுத்துட்டுப் போயி மாட்டிக் குடுத்தேன். இந்த ரெண்டு புள்ளி மூணு நம்பர் புரோகிராம்தான். ஒரு நாள் காலையில பெல்ட் தொய்ஞ்சு போய்க் கீச்சுன்னு கத்தியிருக்குது. அவர் உள்ள போயி ஆஃப் பட்டனை அமுத்தியிருக்கறாரு. மோட்டார் நின்னுருச்சு. வெளிய வந்து ஸ்பேனர் வெச்சு நட்டைக் கழட்டிட்டு இருக்கறப்ப மும்முனை கரண்ட் போயிருக்குது. அது அவருக்கு எப்படித் தெரியும், மோட்டார்தான் ஏற்கனவே நிக்குதே. பெல்ட்டுக்குள்ள கையை வுட்டு இழுத்துப் பாத்துட்டு இருக்கறாரு. கரண்ட் திரும்ப வந்திருக்குது. வந்து தொண்ணூறு செகண்டு. அது நான் வெச்ச டைம்தான், கரண்ட் வந்தவுடனே எல்லா மோட்டாரும் ஒண்ணா எடுத்தா லைன் தாங்காதுன்னு. தொண்ணூறு செகண்டு ஆச்சு, மோட்டார் எடுத்துருச்சு.

நீங்க என்ன கேக்கப்போறீங்கன்னு தெரியுது. ஆஃப் அமுத்துனா அப்புறம் எப்படி எடுக்கும்? எல்லாருக்கும் அதுதான் கேள்வி.

சிப்புல ஞாபகம் ரெண்டு வகைங்க. ஒண்ணு ரேம். அறுவத்திநாலு பைட்டு. எத்தனை தடவை வேணும்னாலும் எழுதலாம், அழிக்கலாம், ஆனா கரண்ட் போனா அத்தனையும் போயிரும். இன்னொண்ணு ஈப்ராம். நூத்தி இருவத்தெட்டு பைட்டு. கரண்ட் போனாலும் இருக்கும், நாப்பது வருசத்துக்கு மறக்காதுன்னு புஸ்தகத்துலயே போட்டிருக்குது. ஒரே ஒரு குறை, ஒரு எடத்துல லட்சம் தடவைதான் எழுத முடியும். அதுக்கு மேல எழுதுனா அந்த எடம் தேஞ்சு செத்துப்போயிரும்.

இதுக்கு முந்தி ஒரு மாடல் செஞ்சமுங்க. அதுல நான் எல்லாத்தையும் ஈப்ராம்ல எழுதிவெச்சேன். வோல்டேஜ் ஏறுனா எழுது, எறங்குனா எழுது. வருசம் திரும்பறதுக்குள்ள லட்சம் ஆகி, பெட்டிபெட்டியாத் திரும்பி வந்துருச்சு. முதலாளி அசெம்ப்ளி லைன்ல இருக்கற பொண்ணுங்க அத்தனை பேர் முன்னாடியும் என்னைய வெச்சு வாங்குனாரு. "ஏய்யா, புத்தகத்துல லட்சம்னு போட்டிருக்குதே, உனக்குப் படிக்கத் தெரியாதா?"ன்னாரு. அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இனிமே ஈப்ராம்ல கை வெக்கறதா இருந்தா ஆயிரம் தடவை ரோசனை பண்ணோணும்னு. ரெண்டு புள்ளி மூணுல மொத்தமே பதினொரு பைட்டுதான் எடுத்தேன். ஆஃப் அமுத்துனதை ரேம்ல வெச்சேன்.

அப்ப கரண்ட் போனா? ரேம் போச்சு. கரண்ட் வந்தா? சிப்பு கண்ணு முழிச்சு, எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையேன்னு ஆட்டோவுல நிக்கும். டீலருங்க அப்படித்தான் கேட்டாங்க. மும்முனை கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு எவனுக்கும் தெரியறதில்லை, தோட்டத்துக்கு நடக்க முடியாது, தானா எடுத்துக்கற மாதிரி வேணும்னாங்க. குடுத்தேன். ஆஃப் அமுத்துனவன் வேலையா இருக்கறப்பவே கரண்ட் போய்ட்டு வருமேன்னு யாரும் கேக்கலை. நானும் கேட்டுக்கலை.

அமுத்துனாருங்க. அவர் அமுத்துனாரு. அதுல சந்தேகமே இல்லை.

கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரியில சேத்தியிருந்தாங்க. நான் போனப்ப ஆபரேசன் முடிஞ்சிருந்துச்சு. வராந்தாவுல அவர் பையன் கவின் நிக்கறான், அக்கா நிக்கறாங்க. அக்கான்னா மச்சான் சம்சாரம், பாப்பாத்தியக்கா. கவின் கேட்டான், "மாமா, ஆஃப் பண்ணுனா எப்படி மாமா ஓடும்?"னு. நான் சொன்னேன், "ஆஃப் பண்ணுனா ஓடாது கண்ணு. சரியா அமுந்தியிருக்காது"ன்னு. ஒரு நிமிசம்கூட ரோசிக்கலை, வாய் தானாச் சொல்லிருச்சு. அப்புறம் லைன்மேனும், "நான் போய்ப் பாத்தப்ப பெட்டியில ஆட்டோ லைட்டு எரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டாரு. எரியாம என்ன பண்ணும்? அது எரியத்தான் செய்யும். பாப்பாத்தியக்கா தலையில அடிச்சுக்கிட்டு, "ஒரு பட்டனை அமுத்தத் துப்பில்லாம கையைக் குடுத்துட்டு வந்திருக்கறாரே!"ன்னு அந்த வராந்தாவுலயே ஒப்பாரி வெச்சுட்டாங்க. கதவு தொறந்துதான் இருந்துச்சு. உள்ள மச்சானுக்குக் கேட்டிருக்கும்.

நான் அங்க பெஞ்சுல உக்காந்து, மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி ஒரு கணக்குப் போட்டுப் பாத்தேன். ஆஃப் பட்டனை ஒரு நாளைக்கு எத்தனை தடவை அமுத்துவாங்க? ஒரேயடியாப் பத்துன்னு வெச்சாலும் லட்சம் ஆகறதுக்கு இருவத்தேழு வருசம் ஆகும். ஈப்ராம்லயே போட்டிருக்கலாம். ஒரு பைட்டு. நூத்தி இருவத்தெட்டுல நூத்திப் பதினேழு சும்மாத்தான் கெடந்துச்சு. அடுத்த வாரமே மாத்திட்டேன், நாலு வரிதான். ரெண்டு புள்ளி நாலுன்னு போட்டு, 'சிறு திருத்தம்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி என்ன திருத்தம்னுகூடக் கேக்கலை. பழசு வெளிய எண்ணூறு இருக்கும். ஓடிட்டுத்தான் இருக்குது.

உங்களுதும் பழசுதான். அதுக்குத்தான் நம்பரைக் கேட்டேன். சர்வீஸ்ல குடுக்கறப்ப சிப்பை மாத்திக் குடுங்கன்னு சொல்லுங்க. எதுக்குன்னு கேட்டா சும்மாத்தான்னு சொல்லுங்க. அதுவரைக்கும் எதைத் தொடறதா இருந்தாலும் ப்யூஸ் கட்டையைப் புடுங்கி சட்டைப்பாக்கெட்ல போட்டுக்கிட்டுத் தொடுங்க. பெட்டியோட குடுக்கற புஸ்தகத்துல மூணாம் பக்கத்துல போட்டிருக்குது, நான் எழுதுனதுதான். மச்சான் அதைப் படிச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அவருக்கு மாட்டிக் குடுத்தப்ப நான், "ஆஃப் அமுத்துனாப் போதும் மச்சான், வேற ஒண்ணும் பண்ணவேண்டாம்"னு சொன்னேன்தான். அது வாய்ல சொன்னது. புஸ்தகத்துல தெளிவாப் போட்டிருக்குதுல்ல?

கம்பியைப் புடிச்சுக்குங்க, இவன் வேகத்தடையைப் பாக்கவே மாட்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கிருந்து எனக்கு ஒண்ணும் ஒறைக்கறதில்லைங்க. கொழம்புல காரம் போட்டா காரம் தெரியறதில்லை. பொண்ணுக்கு மாப்பிள்ளை அமைஞ்சப்ப தனபாக்கியம் சாமி முன்னாடி நின்னு அழுதா, நான் பக்கத்துல நிக்கறேன், ஒண்ணுமே தோணலை. பல்லு டாக்டர் ஊசி போட்டா தாடை கெடக்கும் பாருங்க, அப்படிக் கெடக்குது உள்ள. தூக்கமெல்லாம் நல்லா வருது. வேலையிலயும் ஒரு தப்பு இல்லை.

மச்சான் மொதல் ரெண்டு மாசம் பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்கறாரு, "நான் அமுத்துனேன், சத்தியமா அமுத்துனேன், மோட்டார் நின்ன சத்தத்தைக் கேட்டேன்"னு. யாரும் நம்பலை. சொந்தப் பையனே, "வுடுங்கப்பா, மாமாவுக்குத் தெரியாததா?"ன்னுட்டான். அப்புறம் சொல்றதை வுட்டுட்டாரு. எங்க வீட்டுக்கு வர்றதை அடிபட்டப்பவே வுட்டுட்டாரு. கல்யாணம் முடிவானதும் தனபாக்கியம் போய்க் கால்ல வுழாத குறையாக் கேட்டா. அவர் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லியிருக்கறாரு, மாப்பிள்ளைன்னு அவர் கூப்பிடறது என்னைத்தான். "மாப்பிள்ளை இங்க வரட்டும். என்ற பொண்டாட்டி புள்ளை முன்னாடி, 'நீங்க அமுத்துனீங்க'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். சீரோட வந்து நிக்கறேன்."

"சொல்லித் தொலைங்களேன்!"னா தனபாக்கியம். "நெசமோ பொய்யோ, ஒரு வார்த்தைதான? வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கறீங்க?" அவளுக்கு அது பொய்யின்னுதான் நெனப்பு. அண்ணனை சமாதானம் பண்ண ஒரு பொய். நெசம்னு நான் அவகிட்டச் சொல்லலை. அவ கேக்கவும் இல்லை. அது ஒரு வார்த்தையில சொல்ற விசயமும் இல்லீங்க. ஈப்ராம்னா என்ன, ரேம்னா என்ன, ஏன் லட்சம், அத்தனையும் சொன்னாத்தான் வெளங்கும்.

அதனால இன்னைக்கு எல்லாம் எடுத்துட்டுத்தான் போனேன். பத்திரிகை, தேங்காய் பழம், அப்புறம் சிப்போட டேட்டா ஷீட்டு. நூத்தி முப்பது பக்கம். முக்கியமான பக்கமெல்லாம் மடிச்சு வெச்சிருந்தேன். ஒரு சிப்பும் எடுத்துட்டுப் போனேன், கண்ணுல காட்டலாம்னு.

போனவுடனே, "வாங்க மாப்பிள்ளை"ன்னாரு. எந்திரிச்சு நின்னுதான் கூப்பிட்டாரு. துண்டைச் சோத்துக்கை மேல போட்டிருந்தாரு. தட்டை இடது கையில வாங்கி அப்படியே கட்டல்ல வெச்சாரு. "எல்லாம் இடது கையிலதான் மாப்பிள்ளை, தப்பா நெனைக்காதீங்க"ன்னாரு. "பரவால்லீங்க மச்சான்"னேன்.

உக்காந்தோம். அவர் பத்திரிகையைப் பிரிக்கலை. என்ற மொகத்தையே பாத்துட்டு இருந்தாரு. நான் டேட்டா ஷீட்டைப் பிரிச்சேன். எட்டுக் காலுல ஆரம்பிச்சு வோல்டேஜ், வாட்ச்டாக், ரேம்னு ஒவ்வொண்ணாச் சொன்னேன். நல்லாத்தாங்க சொன்னேன், காலேஜ்ல பாடம் எடுத்தாக்கூட அப்படி எடுக்க மாட்டாங்க. அரை மணி நேரம் இருக்கும். அப்புறம் அவர் அந்தச் சிப்பை எடுத்து உள்ளங்கையில வெச்சுக் கொஞ்சநேரம் பாத்தாரு.

"இத்தனூண்டு இதுக்குள்ள, நான் அமுத்துனது எங்க மாப்பிள்ளை இருக்குது?"ன்னாரு.

"அது ரேம்ல இருக்கறதுங்க மச்சான். கரண்ட் போனா இருக்காது."

"அப்ப அன்னைக்கு இருந்துச்சா?"

நான் டேட்டா ஷீட்டைப் பொரட்டுனேன். இருந்துச்சுன்னு சொன்னா அப்புறம் கவின் கேப்பான், அப்ப ஆஸ்பத்திரியில ஏன் மாமா அப்படிச் சொன்னீங்கன்னு. முதலாளி கேப்பாரு. அந்த எண்ணூறு பேரும் கேப்பாங்க. பொண்ணு கல்யாணத்தை வெச்சுக்கிட்டு இதையெல்லாம் இழுத்துப் போட்டுக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க. "பொதுவா எப்படி வேலை செய்யும்னுதாங்க நான் சொல்றது"ன்னேன். "ஒரு குறிப்பிட்ட நாள்ல இருந்துச்சான்னு சிப்பைப் பாத்துக் கண்டுபுடிக்க முடியாதுங்க." அது உண்மைதானுங்க, சிப்பைப் பாத்துக் கண்டுபுடிக்க முடியாது.

அவர் இன்னொருக்கா கேட்டாரு. சத்தமெல்லாம் போடலை, கெஞ்சற மாதிரி கேட்டாரு. "சிப்பு கெடக்குது மாப்பிள்ளை. நீங்க சொல்லுங்க. நான் அமுத்துனனா இல்லையா? பதினாலு மாசமா ரோசிச்சு ரோசிச்சு, இப்ப எனக்கே தெரியலை."

நான் மறுபடியும் ஈப்ராம் பக்கத்தை எடுத்தேன். லட்சம் தடவைன்னு போட்டிருக்கற எடத்தை வெரல் வெச்சுக் காட்டுனேன்.

அவர் அந்தப் பக்கத்தைப் பாக்கலை. சிப்பை என்ற கையில குடுத்துட்டு, பத்திரிகையைப் பிரிச்சாரு. தாய்மாமன்னு அவர் பேரு போட்டிருக்குது பாருங்க, அதுமேல கட்டைவெரலை வெச்சுத் தேச்சுக்கிட்டே கொஞ்சநேரம் இருந்தாரு. அப்புறம், "பாப்பாத்தி, கவினு, இங்க வாங்க"ன்னு கூப்பிட்டாரு. அக்கா மோர்ச் செம்போட வந்தாங்க. கவின் கதவோரம் வந்து நின்னான்.

"அன்னைக்கு நான் அமுத்தலை"ன்னாரு. "மறந்துட்டேன். அமுத்துனேன்னு நானாத்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். மாப்பிள்ளை மேல ஒரு தப்பும் இல்லை. சீருக்கு ஆகவேண்டியதைப் பாருங்க."

அக்கா அவரைப் பாத்தாங்க, அப்புறம் என்னைப் பாத்தாங்க. கவினும் என்னையவே பாத்தான். எல்லாரும் நான் எதாச்சும் சொல்லுவேன்னு பாத்தாங்க. மச்சானும் பாத்தாரு.

நான் "சரிங்க மச்சான்"னேன்.

மோரைக் குடிச்சுட்டுப் பொறப்பட்டேன். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புனாரு. பஸ் ஸ்டாப்புக்கு வந்து தனபாக்கியத்துக்குப் போன் போட்டேன். "அண்ணன் சீரோட வர்றாரு"ன்னேன். அந்தப் பக்கம் அவ அழுதுட்டா. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "கடைசியில அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டீங்களா?"ன்னு கேட்டா.

"அதுக்கு அவசியமே வரலை தனம்"னேன்.